குழந்தையின் உறக்கமும் தாயின் உழைப்பு நேரமும்

நம் நாட்டு மக்கள் தம் நேரத்தை எவ்வாறு செலவிடுகின்றனர் என்பதை அறியும் பொருட்டு, நாடு தழுவிய முதலாவது நேரப் பயன்பாட்டு ஆய்வைத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ஆம் ஆண்டு நடத்தியது. விடியற்காலை 4 மணி முதல் மறுநாள் 4 மணி வரையிலான பொழுது அரைமணிக் கூறுகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு கூறிலும் செய்த வேலைகள் பதியப்பட்டன. ஆறு வயதும் அதற்கு மேலும் உடையோரே ஆய்வில் இடம்பெற்றனர். பத்து நிமிடத்திற்குக் குறைந்த வேலைகள் கணக்கில் கொள்ளப்படவில்லை.

பொருளாதாரம் பயின்றவள் என்ற முறையில் இவ்வரையறைகளில் நான் குறை காணவில்லை. எக்கணக்கெடுப்புக்கும் ஓர் எல்லை வேண்டும். ஆயினும் இரவு 2 மணிக்கு எழுந்து, அழும் குழந்தையைத் தோளில் சாய்த்துத் தட்டி, எட்டு நிமிடத்தில் மீண்டும் கிடத்திவிட்டுப் படுக்கும் தாயின் உழைப்பு, "உறக்கம்" என்னும் தலைப்பிலேயே சென்று சேரும். இவ்வாறு விடுபட்டவை நீங்கலாகவே, குடும்பத்தாரைப் பேணும் பணியில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 134 நிமிடங்களும், ஆண்கள் 76 நிமிடங்களும் அதற்குச் செலவிட்டனர் என்று அவ்வாய்வு கண்டது.

இயற்கையின் கால அட்டவணை

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பிறந்து மூன்று மாதம் வரை நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரமும், 4 முதல் 11 மாதம் வரை 12 முதல் 16 மணி நேரமும், ஓரிரு வயதில் 11 முதல் 14 மணி நேரமும் குழந்தைக்கு உறக்கம் தேவை. பகல் உறக்கமும் இதில் அடங்கும்.

இத்தனை மணி நேரம் உறங்கும் குழந்தை பெற்றோரை ஏன் உறங்கவிடுவதில்லை? பிறந்த குழந்தைக்கு இரவு பகல் வேறுபாடு தெரியாது. வெளிச்சத்தையும் இருளையும் ஒட்டி இயங்கும் உடற்கடிகாரம் இரண்டு மூன்று மாதங்களிலேயே மெல்ல உருப்பெறுகிறது. உறக்கச் சுற்று ஏறத்தாழ ஐம்பது நிமிடமே. அதில் பாதியளவு, கைகால் அசைந்து முகம் சுளிக்கும் இலேசான உறக்கம். இவ்வசைவை விழிப்பு என்று கருதி உடனே தூக்குவது பலர் செய்யும் பிழை. ஓரிரு நிமிடம் பொறுத்தால் பல வேளைகளில் குழந்தை தானே மீண்டும் உறங்கிவிடும். வயிறும் சிறிது, தாய்ப்பால் விரைவில் செரிக்கிறது. ஆகவே பசித்து எழுவது நோயன்று, வளர்ச்சியே.

ஆறு மாதமானால் இரவு முழுவதும் உறங்கும் என்பது பொதுவான நம்பிக்கை. கனடாவில் 388 குழந்தைகளைக் கொண்டு நிகழ்த்தப்பெற்று 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஆறு மாதத்தில் 38 விழுக்காட்டினரும், ஓராண்டில் 28 விழுக்காட்டினரும் தொடர்ந்து ஆறு மணி நேரம் உறங்கவில்லை என்று காட்டியது. இதனால் அக்குழந்தைகளின் வளர்ச்சியில் குறைவேதும் காணப்படவில்லை.

விடுப்பும் விழிப்பும்

என் மூத்த மகள் 1996-இல் திருவனந்தபுரத்தில் பிறந்தபோது நடுவண் அரசுப் பெண் ஊழியர்க்கு மகப்பேறு விடுப்பு 90 நாள். குழந்தைக்கு இரவு எது பகல் எது என்று விளங்கத் தொடங்கிய அதே வாரத்தில் நான் அலுவலகம் திரும்பினேன். ஒரு நாள் பிற்பகல் கோப்பின்மீது தலைசாய்த்து உறங்கிவிட்டேன். மேலதிகாரி விளக்கம் கேட்டுக் குறிப்பு அனுப்பினார். எழுதிய விடையில் உண்மைக் காரணத்தைக் கூற எனக்கு அன்று துணிவில்லை.

இவ்விடுப்பு 1997-இல் 135 நாளாகவும், 2008-இல் 180 நாளாகவும் உயர்ந்தது. பிற நிறுவனங்களில் பணிபுரியும் மகளிர்க்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் முதல் இரு மகப்பேறுகளுக்கு 26 வார விடுப்பு அளித்தது. விடுப்பின் நீளத்தை நாம் பெரும்பாலும் பாலூட்டுவதோடு இணைத்தே பேசுகிறோம். அதற்கு ஈடான இன்னொரு பயனும் அதற்குண்டு. 90 நாள் விடுப்பு, உறக்கம் ஒழுங்குபடத் தொடங்கும் தருணத்தில் முடிகிறது. 26 வார விடுப்போ, அவ்வொழுங்கு ஓரளவு நிலைபெறும் வரை நீள்கிறது.

தாயின் வேலை நேரமும் சேயின் உறக்கமும் முட்டிக்கொள்வது புதிதன்று. பம்பாய் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில், தாய் வேலையிலிருந்து திரும்பும் வரை குழந்தை உறங்கக் கிடக்கும்பொருட்டு அபின் கொடுக்கப்பட்டதை 1931-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஆணைய அறிக்கை பதிவு செய்துள்ளது. இன்று அபின் இல்லை. ஆயினும் சளி மருந்து உறக்கம் வருத்தும் என்று மருத்துவரைக் கேளாமல் புகட்டும் இல்லங்கள் இருக்கின்றன. அது ஆபத்தானது. வயிறு நிறைந்தால் நன்கு உறங்கும் என்று நான்காம் மாதமே ஏத்தங்காய்ப் பொடிக் கூழ் ஊட்டுவதும் இங்குண்டு. ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பாலே போதும். கூழ் அதன் பின்னரே.

தொட்டில் கட்டிய ஊர்

இந்நகரத்துக்குத் தாலாட்டில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1813-இல் பிறந்த சுவாதித் திருநாளுக்காக இரயிம்மன் தம்பி இயற்றிய "ஓமனத்திங்கள் கிடாவோ", கரமனையிலும் கோட்டைப் பகுதியிலும் உள்ள தமிழ் இல்லங்களில்கூடப் பாடப்படுவதைக் கேட்டிருக்கிறேன். இரண்டு நூற்றாண்டாக அது பயன்படுவதற்குக் காரணம் ராகம் மட்டுமன்று. அதே பாட்டு, அதே நேரம், அதே மடி என்னும் மாறாத வரிசை குழந்தைக்கு உறக்கத்தை அறிவிக்கிறது. மாலையில் வெந்நீர்க் குளியல், பால், விளக்கைத் தணித்தல், பாட்டு. இவ்வரிசை நாள்தோறும் ஒரே நேரத்தில் நிகழுமானால் மூன்று நான்கு மாதத்திலிருந்தே அதன் பயன் தெரியும். பாடத் தெரியாத தந்தையரும் பாடலாம். என் மருமகன் பாடுகிறார், குழந்தை பொறுத்துக்கொள்கிறது. முற்றிலும் உறங்கியபின் கிடத்துவதைவிட, கண் சொருகும் நிலையில் கிடத்தினால் தானே உறங்கும் பழக்கம் எளிதில் வரும். பகலில் சன்னலைத் திறந்து வெளிச்சம் விடுதலும், இரவுப் பாலைப் பேச்சின்றி அரையிருளில் கொடுத்தலும் நலம்.

உத்தரத்தில் சேலையால் கட்டும் தூளி குறித்து இளந்தாயர் என்னைக் கேட்பதுண்டு. அடுக்குமாடி வீடுகளின் கூரையில் கொக்கி கிடையாது என்பதே இன்று பலர் அதைக் கைவிடக் காரணம். தூளியில் ஆட்டி அமைதிப்படுத்தலாம், ஆனால் பெரியவர் அருகிலிருந்து கண்காணிக்க வேண்டும். துணி முகத்தை மூடலாம்; கழுத்து மடங்கி மூச்சுத் தடைபடலாம்; புரளக் கற்ற குழந்தை சிக்கிக்கொள்ளலாம். நீண்ட உறக்கத்திற்குச் சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாந்து கிடத்துவதே பாதுகாப்பு. தலையணையோ தளர்ந்த போர்வையோ வேண்டா. பிரிட்டனில் 1991-இலும் அமெரிக்காவில் அதையடுத்தும் குழந்தைகளைக் குப்புறக் கிடத்தலாகாது என்று பரப்புரை செய்யப்பட்டபின், உறக்கத்தில் காரணமின்றி நேரும் சிசு மரணம் அந்நாடுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 2020-இல் ஆயிரம் பிறப்புக்கு ஆறு என்ற அளவுக்குச் சிசு மரணத்தைக் குறைத்துவிட்ட கேரளத்தில், எஞ்சியுள்ள இத்தகைய சிறு காரணங்களே இனிக் கவனிக்கத் தக்கவை.

நம் புழுக்கத்தில் குழந்தையைத் துணியால் இறுகச் சுற்ற வேண்டியதில்லை. பருத்திச் சட்டை ஒன்றும், நேரே முகத்தில் படாத மின்விசிறிக் காற்றும் போதும். கொசுவலையை இரவுக்கு மட்டும் உரியதாகக் கருதுகிறோம். டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது. எனவே பகல் உறக்கத்துக்கும் வலை வேண்டும்.

காப்பகத்தில் பகல் உறக்கம்

2017-ஆம் ஆண்டுத் திருத்தம், 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் அமைய வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்குச் சென்று வரலாம் என்றும் விதித்தது. நடுவண் அரசின் "பால்னா" திட்டம் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பகல்நேரப் பராமரிப்பு அளிக்கிறது. அங்கன்வாடியோடு இணைந்த காப்பகங்களும் அதில் உண்டு. காப்பகத்தை மேற்பார்வையிடுவோர் பால், உணவு, கழிப்பறை ஆகியவற்றைச் சோதிக்கின்றனர். உறங்கும் இடத்தையும் அவ்வாறே சோதித்தல் வேண்டும். எட்டு மாதக் குழந்தை காலையிலும் பிற்பகலிலும் உறங்கும். மூன்று வயதுக் குழந்தை ஒரு முறை உறங்கும், அல்லது உறங்காது. இரண்டையும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் கிடத்தினால் எதுவும் உறங்காது. மாலையில் களைத்து அழும் குழந்தையைத் தாய் ஏற்றுக்கொள்வாள், இரவும் கெடும்.

என் மகள் வேலைக்குத் திரும்பிய முதல் வாரம், குழந்தை கண்ணைக் கசக்கும் நேரங்களை ஒரு சிறு நோட்டில் எழுதிக் காப்பகப் பணியாளரிடம் கொடுத்தாள். இரண்டாம் வாரம் அந்நோட்டில் பணியாளரின் கையெழுத்திலும் குறிப்புகள் காணப்பட்டன: எப்பொழுது உறங்கியது, எவ்வளவு நேரம், எதனால் விழித்தது. பெரும்பாலும் வாயிற்கதவின் ஓசையால் விழித்தது என்று தெரிந்தபின், கதவுக்கு ஒரு ரப்பர் பட்டை ஒட்டப்பட்டது.