உலோகத் தகட்டிரை: தெரிவும் தூண்டிலிடும் முறையும்

பெரும்போக வேளாண்மை வெட்டிச் சூடடித்து முடிந்தபின், சிறுபோகத்திற்கு நீர் வசதியில்லாத வயல்களையுடைய கமக்காரருக்குச் சில மாதங்கள் ஓய்வாக அமைகின்றன. மாங்கேணிப் பகுதியில் மணற்பாங்கான நிலத்தில் மிளகாய், வெங்காயம், கத்தரி முதலியன செய்வோருக்கும், மாலையில் நீர் இறைத்து முடிந்தபின் ஒரு மணி நேரமாவது மிஞ்சுகின்றது. களப்பு வீட்டிற்கு அண்மையில் இருக்க, அந்நேரத்தில் தூண்டில் எடுத்துச் செல்வது இயல்பே. குடும்பத்தின் உணவில் மீன் சேருவதும் நன்றே.

அண்மைக் காலத்தில் இளைஞர் பலர் இறாலையும் மண்புழுவையும் விட்டு, கடைகளில் விற்கும் உலோக இரைகளை வாங்கி எறிகின்றனர். அவற்றுள் ஒன்றே ஆங்கிலத்தில் பிளேட் பெயிட் என வழங்கும் தகட்டிரை. இதனைக் கண்ட இடமெல்லாம் எறிந்து, கண்ணா மர வேரிலும் பாசியிலும் இரண்டு மூன்றை இழந்து, வெறுங்கையுடன் திரும்பி, “இது இந்தக் களப்பிற்குச் சரிவராது” என்று கூறுவோர் உளர். அவர்கள் கூற்று முற்றும் பிழையன்று. இவ்விரை களப்பின் பெரும்பகுதிக்கு ஏற்றதன்று; ஆயினும் சில இடங்களில் இதற்கு இணையான இரை அரிது. அவ்விடங்கள் எவையென அறிந்தபின் வாங்குவதே சிக்கனம்.

தகட்டிரையின் அமைப்பு

சிறு மீனின் வடிவில் வெட்டப்பட்ட மெல்லிய, தட்டையான உலோகத் தகடே இதன் உடல். பித்தளையாகவோ துருப்பிடிக்காத உருக்காகவோ இருக்கும். தலைப்பக்கத்தில், வயிற்றோடு ஒட்டி, ஈயம் வார்க்கப்பட்டிருக்கும். முதுகு விளிம்பில் இரண்டு அல்லது மூன்று துளைகள் உள. வயிற்றிலும் வாலிலும் மூன்று முள் கொண்ட கொளுக்கிகள் தொங்கும்.

உலோக இரை புதியதொன்றன்று. அமெரிக்காவில் ஜூலியோ புவெல் என்பவர் கரண்டி வடிவான இரைக்கு 1852 ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். கரண்டி இரைக்கும் தகட்டிரைக்கும் உள்ள வேறுபாட்டை வாங்குவோர் தெளிவாக அறிதல் வேண்டும். கரண்டி குழிவுடையது, தங்கூசி அதன் நுனியிற் கட்டப்படுகின்றது, இழுக்கும்போது அது புரண்டும் ஆடியும் வரும். தகட்டிரையோ தட்டையானது, தங்கூசி அதன் முதுகிற் பிணைக்கப்படுகின்றது. ஆகவே மேல்நோக்கி இழுத்தவுடன் நீரின் எதிர்ப்பு ஒரு பக்கமும் மறுபக்கமும் மாறிமாறித் தாக்க, தகடு விரைவாக நடுங்குகின்றது. அந்நடுக்கம் தங்கூசி வழியே ஏறித் தூண்டிற் கம்பைப் பிடித்த கையில் நன்கு உணரப்படும்.

மீன்களின் உடலின் இருபுறமும் தலை முதல் வால் வரை செல்லும் பக்கக்கோடு நீரின் அசைவை உணரும் உறுப்பாகும். வெளிச்சம் குறைந்த வேளையிலும், மழைவெள்ளம் கலங்கி வரும் காலத்திலும், கண்ணாற் காணமுன் இவ்வுறுப்பினாலேயே இரைதேடும் மீன்கள் சிறு மீனின் நடமாட்டத்தை அறிகின்றன. தகட்டிரையின் பயன் முழுவதும் இதிலேயே தங்கியுள்ளது.

வட அமெரிக்காவின் குளிர்ந்த ஏரிகளில் இவ்விரையை மிக மெதுவாக, அடித்தரையை விட்டுச் சிறிதளவே தூக்கி இறக்குவர். குளிரில் மீன் சோர்ந்து கிடப்பதும், இரையைத் துரத்தாததும் அதற்குக் காரணம். அந்நாட்டு நூல்களையும் படங்களையும் பார்த்து அவ்வாறே இங்கும் செய்வது பொருத்தமற்றது. நமது நீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பானது. பாரையும் கொடுவாவும் இரையை விரைந்து துரத்துவன. ஆதலால் இங்கு சற்று உயரமாகவும் வேகமாகவும் தூக்குதல் வேண்டும்.

இடம் தெரிதல்

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவியை எடுத்துக்கொண்டாலும், அதன் பெரும்பகுதி ஒரு பாகத்திற்கும் குறைந்த ஆழமுடையது. வடக்கேயுள்ள சிறு களப்புகளிலும் முழங்கால், இடுப்பளவு நீர் நிற்கும் பரப்பே மிகுதி. அவ்வாறான இடத்தில் தகட்டிரை எறிந்தவுடன் தரையைத் தொட்டுச் சேற்றிலும் பாசியிலும் புதையும். அங்கே இறாலைக் கோத்த சாதாரண தூண்டிலோ, மிதந்து வரும் மர இரையோ போதும்; தகட்டிரையைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம். விரால் பிடிக்கும் நோக்குடன் தாமரையும் ஆம்பலும் மூடிய குளங்களில் இதனை எறிவதும் வீண் செலவே. மறைப்பில்லாத ஆறு முட்களும் முதல் எறிவிலேயே கொடியைப் பற்றிக்கொள்ளும்.

இது பயன்படும் இடம் ஆழமும் ஓட்டமும் சேர்ந்த இடம். மாங்கேணியிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே சென்றாற் பனிச்சங்கேணிப் பாலமும், தெற்கே சென்றால் ஓட்டமாவடிப் பாலமும் உள. இவை போன்ற பாலங்களின் கீழ் நீர் ஒடுங்கிச் செல்வதால் அடித்தரை அரிக்கப்பட்டு ஆழமாகின்றது. தூண்களின் பின்னே ஓட்டம் தணிந்த நிழலில் பெரிய மீன் நின்று, ஓட்டத்தோடு வரும் சிறு மீனையும் இறாலையும் எதிர்பார்த்திருக்கும். முகத்துவாரங்களும், களப்பின் நடுவே செல்லும் ஓடைகளும், ஆற்று வளைவின் வெளிப்புறமும் இவ்வகையைச் சேர்ந்தனவே.

கமக்காரருக்கு நன்கு தெரிந்த மற்றோர் இடமும் உண்டு. அறுவடைக்கு முன் வயல்நீரை வடிக்கும்போது வடிச்சல் வாய்க்கால் ஆற்றிலோ களப்பிலோ விழும் வாய் அது. வயலிலிருந்து இழுக்கப்பட்டு வரும் சிறு மீன்களைத் தின்னப் பெரிய மீன்கள் அங்கு கூடும். வாய்க்கால் விழுமிடத்தில் நீர் குழி பறித்திருந்தால் தகட்டிரை அங்கே நன்கு வேலை செய்யும். அதே வாய்க்காலிற் கிருமிநாசினி தெளிகருவியைக் கழுவிய கமக்காரர் அங்கு மீன் தேடிப் போக வேண்டியதில்லை. பயிருக்குத் தெளிக்கும் மருந்துகளுட் பல மீன் குஞ்சுகளுக்கும் இறாற் குஞ்சுகளுக்கும் கொடிய நஞ்சு. கருவியைக் கழுவிய நீரை வாய்க்காலில் விடாது, கிணற்றிற்கும் நீர்நிலைக்கும் தொலைவான தரையில் ஊற்றுதல் வேண்டும்.

இரையை எறியுமுன் ஆழத்தை அறிதல் அவசியம். பாலத்திலிருந்தாயின் கயிற்றிற் கல்லைக் கட்டி இறக்கிப் பார்க்கலாம். தோணியிலாயின் சவளே அளவுகோல். ஆறு அடிக்குக் குறைந்தால் வேறிடம் பார்ப்பது நலம். நமது கரையில் வற்றுப்பெருக்கு மிகச் சிறியது. ஆகவே ஓட்டத்தை அறிய நாட்காட்டியைப் பார்ப்பதிலும், முகத்துவாரத்து மணற்றிடல் திறந்துள்ளதா, மேற்கே மழை பெய்துள்ளதா என்று பார்ப்பதே பயன் தரும். கார்த்திகை, மார்கழி வெள்ளத்தின் உச்சத்தில் எவரும் நீர்க்கரைக்குச் செல்லலாகாது. வெள்ளம் தணிந்து, கலங்கல் மாத்திரம் எஞ்சியுள்ள நாட்களே இவ்விரைக்கு மிகச் சிறந்தவை.

எடையும் துளையும்

கடையில் முதலிற் கண்ணைக் கவர்வது நிறம். தெரிவில் அது கடைசியாக வரவேண்டியது. முதலிற் பார்க்க வேண்டியது எடை. ஓட்டமில்லாத ஆறு, ஏழு அடி நீருக்கு 7 கிராம் போதும். பத்து அடியும் மிதமான ஓட்டமும் உள்ள இடத்திற்கு 10 முதல் 14 கிராம். முகத்துவாரத்திலும் பாலத்தின் நடுக்கண்ணிலும் 20 கிராம் அல்லது அதற்கு மேலும் தேவைப்படலாம். இரை தரையைத் தொட்டதை உணர முடியாவிட்டால் அது பாரம் குறைந்தது. தூக்குமுன்பே சேற்றிற் புதைந்தால் பாரம் கூடியது. இவ்வொரு விதியை நினைவில் வைத்தால் எண்களை மறந்துவிடலாம். புதிதாகத் தொடங்குவோர் 14 கிராமில் ஒன்றும் 20 கிராமில் ஒன்றும் வாங்கினாற் போதுமானது.

அடுத்து, தகடு நேராக உள்ளதா என்று விளிம்பு வழியே பார்த்தல் வேண்டும். வளைந்த தகடு நடுங்காது; ஒருபுறமாகச் சரிந்து ஓடும். மலிவான இரைகளிற் பெரும்பாலும் தகடு நன்றாயிருக்க, கொளுக்கிகளே மென்மையாயிருக்கும். முள்ளைக் குறட்டாற் பிடித்து மெல்ல நெம்பிப் பார்க்கையில் இலகுவாக விரிந்தால் அதனைக் கழற்றிவிட்டு வலிய முள் இடுதல் வேண்டும். நடுத்தரப் பாரை ஒன்றே அத்தகைய முள்ளை நிமிர்த்திவிடும். வேரும் கல்லும் மிகுந்த இடத்தில் வயிற்றுக் கொளுக்கியை முற்றாக நீக்கி, வாலில் ஒற்றை முள் மாத்திரம் இடுவது என் விருப்பம். சில மீன் தப்பும், இரை தப்பாது.

முதுகுத் துளைகளுள் முன்துளையிற் பிணைத்தால் நடுக்கம் சிறியதாயும் விரைவாயும் இருக்கும். எறிந்து வேகமாகச் சுற்றி இழுப்பதற்கு அது உகந்தது. பின்துளையிற் பிணைத்தால் ஆட்டம் அகலும், இழுவையும் பாரமாகும். பாலத்திலிருந்தோ தோணியிலிருந்தோ நேரே கீழே இறக்கித் தூக்குவதற்கு அது ஏற்றது. மூன்று துளையாயின் நடுத்துளையில் தொடங்குக. தங்கூசியை எக்காலும் தகட்டின் துளையில் நேரே முடிதலாகாது, விளிம்பு அறுத்துவிடும். வட்டமான வாயுடைய சிறு கம்பிக் கொளுவியை இடையில் இடுதல் வேண்டும். கொடுவாவின் செவுள்மூடி கத்தி போன்றது. ஆதலாற் கொளுவிக்கு முன்னே மூன்று அடி நீளத்திற்குத் தடித்த தங்கூசி இடுக. சீலா மிகுந்த இடத்தில் அதன் பல்லுக்குத் தங்கூசி நில்லாது. சாண் அளவு உருக்குக் கம்பி வேண்டும்.

நிறத்தைப் பற்றி ஒரு வசனம்: தெளிந்த நீருக்கு வெள்ளி, கலங்கிய நீருக்குப் பித்தளை என்று கொள்க.

பழைய பித்தளைத் தகட்டை வெட்டி வீட்டிலேயே இதனைச் செய்யலாமா எனப் போதனை வகுப்பொன்றிற் கேட்கப்பட்டது. வெட்டலாம், அரத்தால் அராவலாம், துளையிடலாம். ஆனால் ஈயத்தை அடுக்களையில் உருக்குதல் ஆகாது. அதன் புகையும் தூளும் நஞ்சு. சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஈயம் உருக்கிய பாத்திரத்திற் பின்னர் எக்காரணம் கொண்டும் சமைக்கலாகாது. இவ்வேலையைக் கடையில் உள்ளோருக்கே விட்டுவிடுவது நலம்.

தூண்டிலிடும் முறை

இரையை ஓட்டத்திற்கு மேற்புறமாகச் சாய்த்து எறிந்து, தரையைத் தொடும்வரை இறங்க விடுக. இறங்கும்போது ஒன்று, இரண்டு என எண்ணி வந்தால், அடுத்த எறிவில் எந்த எண்ணில் தரை வரும் என்பது தெரியும். தரையைத் தொட்டவுடன் கம்பின் நுனியை இரண்டு அல்லது மூன்று அடி உயர்த்துக. நடுக்கம் கையில் தெரிதல் வேண்டும். பின் நுனியைத் தாழ்த்தி இரையை மீண்டும் விழவிடுக. தாழ்த்தும் வேகம் இரை விழும் வேகத்தோடு ஒத்திருத்தல் வேண்டும். தங்கூசி தொய்யவும் கூடாது, இறுகவும் கூடாது. தளர்ந்ததைச் றீலிற் சுற்றிக்கொண்டு மறுபடி உயர்த்துக.

முறை முழுவதிலும் கடினமானது இத்தாழ்த்தலே. மீன் பெரும்பாலும் இரை விழும்போதே கவ்வும். தங்கூசி தொய்ந்திருந்தால் அது கைக்குத் தெரியாது. மேலும் தொய்ந்த தங்கூசியில் இரை புரண்டு, கொளுக்கி தங்கூசியிலேயே மாட்டிக்கொள்ளும். விழும் இரை எண்ணிய எண்ணுக்கு முன்னரே நின்றுவிட்டால் அது தரையன்று, மீன். உடனே கம்பை உயர்த்துக. தூக்கும்போது நடுக்கம் தெரியாவிட்டாற் பாசியோ தங்கூசியோ சிக்கியுள்ளது. எடுத்துத் துப்புரவாக்காமல் மேலும் இழுப்பதிற் பயனில்லை.

இரை தடைப்பட்டாற் பலங்கொண்டு இழுத்தலாகாது. முள் மேலும் ஆழப் பதியும். தங்கூசியைச் சிறிது தளர்த்திக் கம்பின் நுனியை விரைவாக உதறினால், ஈயத்தின் பாரத்தாலேயே இரை பின்னோக்கி விழுந்து பலமுறை விடுபடும். அவ்வாறு விடாவிடில், எறிந்த பக்கத்திற்கு எதிர்ப்பக்கமாகச் சென்று இழுத்துப் பார்க்கலாம். இரையை மீட்கவென்று நீரில் இறங்குதல் வேண்டாம். களப்புகளிலும் ஆற்று வாய்களிலும் முதலைகள் உள.

எதை எடுப்பது, எதை விடுவது

கொடுவா மீன் முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகளின் பின் பெண்ணாக மாறும் இயல்புடையது. ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளத்தை அண்மித்த மீன்களிற் பெரும்பாலானவை முட்டையிடும் பெண்களே. அவை முட்டையிட முகத்துவாரத்தை நாடி வருவன. விதைநெல்லைக் குற்றி உண்பது எத்தகையது என்பதைக் கமக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. அத்தகைய பெரு மீன் அகப்பட்டால் நீரில் வைத்தே முள்ளைக் கழற்றி விடுக. முழ நீளமான மீன் ஒரு குடும்பத்திற்குப் போதும். சுவையும் அதிலேயே மிகுதி.

களப்புத் தொழிலையே நம்பி வாழ்வோர் இட்ட வலைகளுக்கு அண்மையில் இவ்விரையை எறிதலாகாது. ஒரு கொளுக்கி வலையிற் சிக்கினாற் கிழிவது ஒரு குடும்பத்தின் அன்றைய வருவாய். வலை எங்குள்ளது என்று தோணிக்காரரிடம் முற்கூட்டியே கேட்டறிக. காயங்கேணியைச் சார்ந்த பவளப்பாறைக் கடற்பகுதி 2019 இற் கடற் சரணாலயமாக்கப்பட்டுள்ளமையால் அங்கு செல்ல எண்ணுவோர் முதலிற் கடற்றொழிற் பரிசோதகரை விசாரித்தல் வேண்டும். வெடிமருந்தும் நஞ்சும் கொண்டு மீன் பிடித்தல் 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளச் சட்டத்தால் எங்கும் தடுக்கப்பட்டதாகும்.

வீடு திரும்பியதும் இரையை நன்னீரிற் கழுவித் துடைத்து, சிறிது தேங்காயெண்ணெய் பூசி, மூடியுள்ள போத்தலில் இட்டுப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க. மண்வெட்டி பிடிக்கும் கையில் முள் பாய்ந்து, அதன் எதிர்முள்ளும் தசைக்குள் சென்றுவிட்டால் இழுத்துப் பிடுங்காது, தங்கூசியை வெட்டிவிட்டு அப்படியே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். ஏற்புவலித் தடுப்பூசி கடைசியாக எப்போது போடப்பட்டது என்பதை அங்கு கூறுக.