மதிப்பெண்ணின் பயணம்

நுழையும்முன்

விடைத்தாளில் ஆசிரியர் இட்ட மதிப்பெண் முன்பு பதிவேட்டிலும் முன்னேற்ற அட்டையிலும் கையால் எழுதப்பட்டது. இன்று அது கணினி அமைப்புகளுக்கிடையே பயணம் செய்கிறது. அப்பயணத்தில் மதிப்பெண்ணின் பொருள் மாறாமல் காக்கும் முறைகளை இப்பாடம் விளக்குகிறது.

இரு அமைப்புகள்

பாடங்களை இணையவழியில் வழங்கி, ஒப்படைவுகளைப் பெற்றுத் திருத்த உதவுவது கற்றல் மேலாண்மைத் தளம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கி 2002இல் வெளியிட்ட மூடுல், 2014இல் அறிமுகமான கூகுள் கிளாஸ்ரூம் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. மாணவரின் சேர்க்கை, வருகை, இறுதி மதிப்பெண் ஆகியவற்றை நிலையாகப் பேணுவது பள்ளிப் பதிவேட்டு அமைப்பு. கற்றல் தளத்தில் உள்ள மதிப்பெண்ணைப் பதிவேட்டு அமைப்பில் பிழையின்றிச் சேர்ப்பதே மதிப்பெண் ஒத்திசைவு எனப்படும்.

பெயரும் எண்ணும்

தலைப்பெழுத்தைப் பெயருக்கு முன்னே எழுதுவோரும் பின்னே எழுதுவோரும் உளர். ஒரே வகுப்பில் ஒரே பெயருடைய இருவர் பயில்வதும் உண்டு. வகுப்பாசிரியர் இவர்களை முகத்தால் அறிவார். கணினிக்கு அவ்வறிவு இல்லை. பெயரை மட்டும் நம்பி மதிப்பெண்ணை அனுப்பினால் ஒருவரது உழைப்பு மற்றொருவர் கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே, ஒவ்வொரு மாணவருக்கும் தனி அடையாள எண் இன்றியமையாதது. தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்களுக்கு வழங்கப்படும் எமிஸ் எண் அத்தகையது. இரு அமைப்புகளிலும் அவ்வெண் ஒன்றாக இருந்தால்தான் மதிப்பெண் உரியவரைச் சென்றடையும்.

வெற்றிடமும் சுழியமும்

தேர்வெழுதி மதிப்பெண் ஏதும் பெறாத மாணவருக்கு உரியது சுழியம். உடல்நலக் குறைவால் விலக்களிக்கப்பட்டவருக்கு உரியது வெற்றிடம். இவ்விரண்டும் ஒன்றல்ல. தலா 25 மதிப்பெண் கொண்ட நான்கு தேர்வுகளில் ஒரு மாணவர் மூன்றில் 20, 22, 18 பெற்று, நான்காவதில் விலக்குப் பெற்றார் எனக் கொள்வோம். 75க்கு 60 என்பதால் அவர் பெற்றது 80 விழுக்காடு. வெற்றிடத்தைச் சுழியமாகக் கொள்ளும் அமைப்போ, 100க்கு 60 எனக் கணக்கிட்டு 60 விழுக்காடு எனக் காட்டும். இவ்வேறுபாடு மாணவரின் கற்றலில் நேர்ந்ததன்று, பரிமாற்றத்தில் நேர்ந்தது.

பின்னங்களைக் கையாள்வதிலும் இத்தகைய இடர் உண்டு. 34.6 என்பதை ஓர் அமைப்பு 35 என முழுமையாக்கலாம். மற்றோர் அமைப்பு பின்னத்தை நீக்கி 34 எனக் கொள்ளலாம். தேர்ச்சி மதிப்பெண் 35 எனில், ஒரே விடைத்தாள் ஓரிடத்தில் வெற்றியாகவும் மற்றோரிடத்தில் தோல்வியாகவும் பதிவாகும்.

தெரிந்து தெளிவோம்

வெவ்வேறு நிறுவனங்களின் மென்பொருள்கள் வகுப்புப் பட்டியலையும் மதிப்பெண்ணையும் பரிமாறிக்கொள்வதற்கான பொது விதிமுறைகளுள் ஒன்று ஒன்ரோஸ்டர். ‘ஒப்படைக்கவில்லை’, ‘விலக்களிக்கப்பட்டது’ போன்ற நிலைகளை மதிப்பெண்ணிலிருந்து பிரித்துக் குறிக்க இதில் இடமுண்டு.

ஆசிரியரின் பொறுப்பு

மதிப்பெண்ணைத் திருத்தும் உரிமை ஓர் அமைப்பில் மட்டும் இருத்தல் வேண்டும். இரண்டிலும் திருத்தினால் எது மெய் என்னும் ஐயம் எழும். இறுதி செய்யும் முன் இரு பட்டியல்களையும் ஆசிரியர் ஒப்பிட்டுப் பார்ப்பதும், மாணவர் தம் மதிப்பெண்ணைச் சரிபார்க்க வாய்ப்பளிப்பதும் தேவை. எண்ணைக் கொண்டுசேர்ப்பது கணினியின் பணி. அவ்வெண் உரியவருக்கு நீதி செய்கிறதா எனக் காண்பது மனிதரின் கடமை.

கற்பவை கற்றபின்

1. வெற்றிடத்துக்கும் சுழியத்துக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. உம் பள்ளியில் மதிப்பெண்கள் பதிவு செய்யப்படும் முறையைக் கேட்டறிந்து, பிழை நேரக்கூடிய இடங்களைப் பட்டியலிடுக.