மலைமேல் ஒரு மேடை



சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால், சேர்வராயன் மலையில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு நம்மை வரவேற்கிறது. அங்குக் கோடையில் நடைபெறும் அரசு விழாவில் மலர்க் கண்காட்சியோடு கலை நிகழ்ச்சிகளும் இடம்பெறுவதை நாமெல்லோரும் அறிவோம்.

நாம் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், மாணவியர் நாடகக் குழு ஒன்றை அம்மலைக்கு அழைத்துச் சென்றோம். உயிரிரக்கம் பற்றிய நாடகம் அது. தெர்மாகோல் பலகைகளால் அழகிய அரண்மனை ஒன்றைச் செய்திருந்தோம். நாடகம் முடிந்தது, கைதட்டலும் பெற்றோம். திரும்பும் பேருந்தில் இடமில்லாமையால், அரண்மனையைக் காப்பித் தோட்டச் சரிவிலேயே விட்டு வந்தோம். மறு ஆண்டு சென்று பார்த்தபோது, அது வெண்மணிகளாய் உதிர்ந்து மண்ணோடு கலந்து கிடந்தது. பொறுக்கியெடுக்க முயன்றோம், இயலவில்லை. இரக்கத்தைப் போதித்தது அரைமணி நேரம்; இழைத்த தீங்கோ மண்ணிலேயே தங்கிவிட்டது.

இக்குற்றத்திற்கு நம் ஆசாரியர்கள் முன்பே பெயர் சூட்டியுள்ளனர். பயனின்றிப் பிறவுயிர்க்குத் தீங்கு செய்வதே அநர்த்த தண்டம். சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், வீணே மண்ணைத் தோண்டுதல், நீரை இறைத்தல், தீ மூட்டுதல், செடிகொடிகளை ஒடித்தல், காரணமின்றி அலைதல், பிறரை அலையச் செய்தல் ஆகியவற்றை இதன் ஒரு பிரிவாகிய பிரமாதசரியையில் அடக்குகிறார். இன்றைய கலைக்குழு ஒன்று தன்னைச் சோதித்துக்கொள்ள இதனினும் சிறந்த பட்டியல் வேண்டுமோ?

மேலை நாட்டாரும் இவ்வழியே சிந்திக்கின்றனர். 2012-ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்துக் கலை மன்றம், தன்னிடம் தொடர்ந்து நிதி பெறும் பெரிய கலை நிறுவனங்கள் தம் மின்செலவு முதலியவற்றைக் கணக்கெடுத்துத் தெரிவிக்க வேண்டுமெனப் பணித்தது. முதலில் கணக்கு, பிறகே சீர்திருத்தம் என்பது அதன் கருத்து. சிறு குழுவினர்க்கு ஒரு நோட்டுப் புத்தகமே போதும். அதில் மூன்று கணக்குகள் எழுதுக.

முதலாவது, பொருட் கணக்கு. மேலே சென்ற பொருள் அத்தனையும் கீழே வந்ததா? நம் கூத்துக் கலைஞர்கள் கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் செய்து பல்லாண்டு பயன்படுத்துவர். துணித்திரையும் மூங்கில் தட்டியும் அத்தகையனவே. 2019 சனவரி முதல் நாள் தொட்டுத் தமிழக அரசு தடை செய்த பொருள்களுள் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் பிளாஸ்டிக் கொடியும் உண்டு என்பதைப் பலர் அறியார். ஒத்திகைத் தேநீருக்கு எவர்சில்வர் குவளை கொண்டு செல்க.

இரண்டாவது, ஒளிக் கணக்கு. 1,000 வாட் விளக்குகள் எட்டு, மூன்று மணி நேரம் எரிந்தால் 24 யூனிட் மின்சாரம் செலவாகும். 150 வாட் எல்.இ.டி. விளக்குகள் எட்டாயின் 3.6 யூனிட்டே செலவாகும். பகலில் ஆடினால் அதுவும் மிச்சமன்றோ?

மூன்றாவது, பயணக் கணக்கு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளிப்படும். பன்னிருவர் மூன்று காரில் செல்வதினும் அரசுப் பேருந்தில் செல்வது நன்று. மலையேறிய அன்றே அருகிலுள்ள பள்ளியிலும் ஒரு நிகழ்ச்சி நடத்தினால், ஒரே பயணம் இருவர்க்குப் பயன்படும். இவற்றால் மிஞ்சும் பணம் கலைஞரின் ஊதியத்திற்கு ஆகட்டும்.

ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம் உள்ளது. ஆர்க்கிட் செடிகள் பலவும் மரக்கிளையில் வாழ்வன. எனினும் புல்லுருவி போல அம்மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. மழையும் காற்றும் தருவதைக் கொண்டே மலர்கின்றன. மலைக்குச் செல்லும் கலைக்குழுவும் அவ்வாறே இருத்தல் வேண்டும்.

இல்லப் பயிற்சி: உங்கள் ஊர்ப் பாடசாலை ஆண்டு விழாவிற்கு இம்மூன்று கணக்குகளையும் பிள்ளைகளைக் கொண்டு எழுதச் செய்க. அடுத்த ஆண்டு எதனைக் குறைக்கலாம் என்பதை அவர்களே சொல்லட்டும்.

அறம் வளர்க!