முறுக்கு போத்தலும் கைப்பேசியும்: சிறு தொழிலுக்கு இணைய விற்பனைப் பாடம்



பலகாரம், பூமாலை, ரவிக்கை தையல், மருதாணி என்று வீட்டிலிருந்தே தொழில் செய்யும் ஓர் அக்காவோ ஆண்ட்டியோ உங்கள் தாமானிலும் இருப்பார். நம்மைப் பார்த்தால் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, ஆன்லைன்ல போட்டா நல்லா ஓடும்னு சொல்றாங்களே, கொஞ்சம் செஞ்சு குடேன்." நாமும் பத்து நிமிடத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்து, "ஆச்சுக்கா" என்று எழுந்து போய்விடுவோம்.

நானும் அப்படித்தான் செய்தேன். அதனால் ஒரு குடும்பத்தின் தீபாவளி வியாபாரமே கெட இருந்தது. அதில் கற்றதை இந்த மாதப் பாடமாகத் தருகிறேன்.

நடந்தது என்ன?

பந்திங்கில் எங்கள் தாமானில் ஓர் அக்கா முறுக்கும் நெய் உருண்டையும் செய்து விற்கிறார். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். தீபாவளிக்கு முந்தின ஆறு வாரத்தில் வரும் காசுதான் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு.

நான் அவருக்கு பேஸ்புக் பக்கம் திறந்து, அழகான படம் போட்டு, 50 வெள்ளி கட்டி விளம்பரமும் விட்டேன். லைக் குவிந்தது. ஜொகூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் விலை கேட்டார்கள். ஏன் கேட்டார்கள் தெரியுமா? நான் போட்ட படத்தில் விலை இல்லை, ஊர் இல்லை, எப்போது கிடைக்கும் என்றும் இல்லை. அக்கா அடுப்பை விட்டுவிட்டு ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினார். பதில் வந்ததும் பலர் காணாமல் போனார்கள்.

தீபாவளி நெருங்கியதும் நிஜமான ஆர்டரும் வந்தது. ஒரு நாளைக்கு 20 போத்தல்தான் அக்காவால் செய்ய முடியும். வேண்டாமென்று சொல்ல மனமில்லாமல் 35 வரை பிடித்துவிட்டார். இரவு இரண்டு மணி வரை சுட்டார். வருடா வருடம் வாங்குபவர்களுக்கு முந்தின நாள் இரவுதான் முறுக்கு போய்ச் சேர்ந்தது. சிலருக்கு அதுவும் இல்லை. "புதுசா வந்தவங்கள பாத்து, பழைய ஆளுங்கள விட்டுட்டேன் தம்பி" என்றார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

பொறியியல் வகுப்பில், பாலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போட்ட பிறகுதான் வண்டியை விடச் சொல்லித் தருகிறார்கள். அக்காவின் இரண்டு கை எத்தனை போத்தல் தாங்கும் என்று மட்டும் நான் கேட்கவே இல்லை.

நான் புரிந்துகொண்டது இதுதான்: நம்மை ஏற்கெனவே நம்புகிறவர்கள் சுலபமாகக் கண்டுபிடிக்க, கேட்க, வாங்க வழி செய்வதே சிறு தொழிலுக்கு இணையத்தின் முதல் வேலை. புது ஆட்கள் அவர்கள் சொல்லித்தான் வரவேண்டும். இனி படிப்படியாகப் பார்ப்போம்.

1. முதலில் கணக்கு

ஒரு நாளைக்கு எத்தனை முடியும், ஒன்றில் எவ்வளவு மிஞ்சும் என்று எழுதச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, ஒரு போத்தல் 20 வெள்ளி. மாவு, எண்ணெய், கேஸ், போத்தல் எல்லாம் சேர்த்து 13 வெள்ளி. மிச்சம் 7. அப்படியென்றால் 50 வெள்ளி விளம்பரக் காசு திரும்பிவர 8 போத்தல் கூடுதலாக விற்க வேண்டும். அதற்குக் கையில் நேரம் இல்லையென்றால் விளம்பரமே வேண்டாம். விளம்பரம் போட்டாலும், நாம் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடிய வட்டாரத்துக்கு மட்டும் போடலாம். பந்திங், சுங்கை மங்கிஸ், மோரிப், ஜெஞ்சாரோம், தெலுக் பங்லிமா காராங் போதும். ஜொகூரில் ஒருவர் லைக் போட்டு நமக்கு என்ன ஆகப்போகிறது?

2. வாட்ஸ்அப் பிசினஸ்

இது 2018-இல் வந்த இலவசச் செயலி. நம் அக்காமார்களுக்கு வாட்ஸ்அப் ஏற்கெனவே பழக்கம், அதனால் புதிதாகக் கற்க அதிகம் இல்லை. பொருளின் படத்தையும் விலையையும் அதில் பட்டியலாகப் போட்டு வைக்கலாம். விலை, டெலிவரி நாள் போன்ற திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்குப் பதிலை முன்கூட்டியே சேமித்து வைக்கலாம். ‘புது ஆர்டர்’, ‘பணம் வரவில்லை’, ‘பணம் வந்தது’ என்று ஒவ்வோர் உரையாடலுக்கும் அடையாளம் ஒட்டலாம். எண்ணெய்க் கையோடு பதில் எழுதும் வேலை பாதியாகக் குறையும்.

ஒன்றைக் கவனிக்கணும். ஒளிபரப்புப் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்குத்தான் அந்தச் செய்தி போகும். ஆகவே முறுக்கு கொடுக்கும்போதே, "நம்பரை சேவ் பண்ணிக்குங்க" என்று சொல்லிப் பழக வேண்டும். கோயில் குழுவிலும் பள்ளிப் பெற்றோர் குழுவிலும் தினமும் விளம்பரம் போடுவது வேண்டாம். அது இருக்கிற நல்ல பெயரையும் கெடுக்கும்.

3. கூகுள் வரைபடம்

கூகுளில் தொழில் பக்கம் திறப்பதும் இலவசம். வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்த ஊருக்குச் சேவை என்று மட்டும் காட்டலாம். தனியாக வாழும் பெண்களுக்கு இதை மறக்காமல் செய்து கொடுங்கள். பிறகு பழைய வாடிக்கையாளர் ஐந்து பேரிடம், சாப்பிட்டது எப்படி இருந்தது என்று உண்மையாக எழுதச் சொல்லுங்கள. நண்பர்களை விட்டுப் பொய்யாக எழுத வைக்காதீர்கள்.

4. படமும் வாசகமும்

ஜன்னல் வெளிச்சத்தில், சுத்தமான துணிமேல் வைத்து எடுத்த படம் போதும். இணையத்தில் கிடைக்கும் வேறொருவர் முறுக்கின் படத்தைப் போடக்கூடாது.

விலையைப் போடாமல் ‘பிஎம் பண்ணுங்க’ என்று எழுதுவது நம் ஆட்களின் பழக்கம். 2012-இல் இயற்றப்பட்ட மின்வணிக விதிமுறைகள் 2013 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தன. இணையத்தில் விற்பவர் தன் பெயர், தொடர்பு எண், பொருளின் விவரம், டெலிவரிச் செலவு சேர்த்த முழு விலை, பணம் கட்டும் முறை, கிடைக்கும் நாள் எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும் என்று அவை சொல்லின. சட்டத்துக்காக மட்டுமல்ல, வாங்குபவருக்கு வேண்டியதும் இதுவேதான்.

எந்த மொழியில் எழுதுவது? சுங்கை சிப்புட்டிலிருந்து சுகு, பவித்ரா தம்பதியர் 2020-இல் யூடியூப்பில் வீட்டுச் சமையல் காட்டியபோது, பவித்ரா மலாயில் பேசினார். எல்லா இனத்தவரும் பார்த்ததற்கு அதுவும் ஒரு காரணம். முறுக்கு பிடிக்காத மலாய்க்காரரோ சீனரோ பந்திங்கில் உண்டா? தமிழில் இரண்டு வரி, மலாயில் இரண்டு வரி எழுதுங்கள்.

5. பணமும் பாதுகாப்பும்

பணம் கட்டியதாக வரும் ரசீதுப் படத்தை நம்ப வேண்டாம். அதைப் போலியாகச் செய்வது சுலபம். வங்கிச் செயலியில் காசு ஏறியதைப் பார்த்த பிறகே பொருளைக் கொடுக்கணும். ஆர்டர் என்ற பெயரில் யாராவது ஏதோ ஒரு செயலியை இறக்கச் சொல்லி இணைப்பு அனுப்பினால் தொடவே கூடாது. டேக் எண்ணை யாருக்கும் சொல்லக்கூடாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே வங்கிக்கோ 997-க்கோ அழைக்க வேண்டும். 997 என்பது 2022-இல் தொடங்கிய தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண்.

நம் பக்கமும் நேர்மை வேண்டும். முன்பணம் வாங்கிய ஆர்டரை முடிக்க முடியாவிட்டால் அன்றே காசைத் திருப்பிக் கொடுப்பதுதான் முறை. நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளை வள்ளுவர் வணிகருக்கே கொடுத்திருக்கிறார். அடுத்தவர் பொருளையும் நம்முடையது மாதிரி நினைக்கணும் என்பதே அதன் சாரம்.

6. பதிவு

எஸ்எஸ்எம்மில் சொந்தப் பெயரில் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் பதிய 60 வெள்ளி. பதிவு இருந்தால்தான் தெக்குன் நிறுவனத்தின் ஸ்பூமி போன்ற இந்தியர்களுக்கான தொழில் கடனுக்கு மனுப் போட முடியும். உணவு செய்பவர்களுக்கு உணவு கையாளும் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் அவசியம்.

ஏழு பெண்களின் அப்பளம்

1959 மார்ச் 15-இல் மும்பை கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் போட ஆரம்பித்தார்கள். அதுதான் லிஜ்ஜத். முதல் ஆண்டு மழைக்காலத்தில் அப்பளம் காயாததால் நான்கு மாதம் தயாரிப்பையே நிறுத்தினார்கள். ஈர அப்பளத்தைக் கட்டிக் கொடுக்கவில்லை. மறு ஆண்டு கட்டிலும் அடுப்பும் வாங்கி, மழையிலும் உலர்த்த வழி கண்டார்கள். இன்று பல்லாயிரம் பெண்களுக்கு அது வாழ்வு தருகிறது. முடியாததை முடியாது என்று சொன்னதால் அவர்கள் கெட்டுப்போகவில்லை.

எங்கள் அக்காவும் மறு ஆண்டு அதைத்தான் செய்தார். முதல் இரண்டு வாரம் பழைய வாடிக்கையாளருக்கு மட்டும் ஆர்டர் திறந்தோம். பிறகுதான் மற்றவர்களுக்கு. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, ‘ஆர்டர் நிறைந்தது, நன்றி’ என்று ஸ்டேட்டஸ் போட்டார். போடும்போது கை நடுங்கியது. "காசு வேணாம்னு சொல்ற மாதிரி இருக்கே தம்பி" என்றார். அந்த வருடம் தீபாவளிக்கு முந்தின இரவு அவர் பிள்ளைகளோடு உட்கார்ந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தார். கோபித்துக்கொண்டு போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். எல்லாரும் வரவில்லை.

இந்த மாதப் பயிற்சி

இருவர் இருவராகச் சேர்ந்து, உங்கள் வட்டாரத்தில் ஒரு சிறு தொழில் செய்பவரைத் தேர்ந்தெடுங்கள். போனைத் திறக்கும் முன் ஒரு மணி நேரம் அவர் வேலை செய்வதைப் பாருங்கள். பிறகு படி 1-ஐயும் 2-ஐயும் மட்டும் செய்து கொடுங்கள். கடவுச்சொல் அவர் கையில் இருக்கட்டும், உங்கள் கையில் வேண்டாம். இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் போய், எது உதவியது, எது தொல்லை என்று கேளுங்கள்.

வகுப்பில் பேச

• அவர் ஒரு நாளைக்கு எவ்வளவு செய்ய முடியும் என்று கேட்டீர்களா?
• லைக் கூடியும் விற்பனை கூடாததற்கு என்ன காரணங்கள் இருக்கலாம்?
• ஆர்டரை மறுப்பது எப்போது நல்ல வியாபாரம்?

சேவை என்றால் கோயிலில் தண்ணீர்ப் பந்தல் போடுவது மட்டும்தானா? ஓர் அக்காவின் பக்கத்தில் ஒரு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து, அவருக்குப் புரியும்வரை சொல்லிக் கொடுப்பதும் சேவைதான். அடுத்த முறை யாராவது "ஆன்லைன்ல போட்டுக் குடு தம்பி" என்றால், உடனே போனை வாங்காதீர்கள். "ஒரு நாளைக்கு எத்தனை முடியும்க்கா?" என்று முதலில் கேளுங்கள்.