நியமன உறுப்பினர் நாற்காலி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: மாதாந்திர உதவித்தொகையும் சக்கர நாற்காலியும் கிடைத்துவிட்டால் மாற்றுத்திறனாளி சமூகத்தில் சேர்ந்துவிட்டார் என்று பொருள்.

உண்மை: உதவித்தொகை வறுமையைத் தணிக்கும், ஆனால் அண்டை வீட்டார் ஒருவரை எப்படி நடத்துகிறார்கள் என்பதை அது தீர்மானிப்பதில்லை. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய வுல்ஃப் வுல்ஃபென்ஸ்பெர்கர் 1983இல் முன்வைத்த ‘சமூகப் பங்கு மதிப்பேற்றம்’ என்னும் கோட்பாடு இதை விளக்குகிறது. ஒருவர் எந்தப் பங்கில் காணப்படுகிறாரோ அதற்கேற்பவே பிறர் அவரிடம் நடந்துகொள்வர் என்பதும், குறைபாடுடையவர்மீது நோயாளி, என்றும் குழந்தை, பரிதாபத்துக்குரியவர், குடும்பச் சுமை ஆகிய பங்குகளே பெரும்பாலும் ஏற்றப்படுகின்றன என்பதும், ஆசிரியர், கடைக்காரர், குடியிருப்போர் சங்கச் செயலாளர் போன்று ஊர் மதிக்கும் பங்குகள் வாய்த்தால் நட்பும் வருமானமும் சொல்லுக்கு மரியாதையும் வந்துசேர வழி பிறக்கிறது என்பதும் அதன் சாரம்.

அத்தகைய பங்கு ஒன்றைத் தமிழ்நாடு சட்டத்தின் வழியே உருவாக்கியிருக்கிறது. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க வகைசெய்யும் திருத்த மசோதாக்கள் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறின. நகர்ப்புற உள்ளாட்சிகளில் ஏறத்தாழ 650 பேரும் கிராம ஊராட்சிகளில் 12,913 பேரும் இதனால் இடம்பெறுவர் என்று அரசு அறிவித்தது. சென்னையை அடுத்து, நகராட்சியாக இருந்து 2021இல் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைந்த செம்பாக்கத்துக்கும் இது பொருந்தும்.

நம்பிக்கை: இது இரக்கத்தால் தரப்படும் பதவி, சாலை, வடிகால், விளக்கு பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்?

உண்மை: நடைபாதையைப் பற்றி அவர்களைவிட நுட்பமாக அறிந்தவர் மன்றத்தில் அரிது. சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது ஏற்கப்பட்ட சரிவு விகிதம். அதாவது 15 சென்டிமீட்டர் உயர நடைபாதையில் ஏற 180 சென்டிமீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். இடமில்லை என்று அதை அறுபது சென்டிமீட்டரில் முடித்துவிட்டால் பார்வைக்குச் சாய்தளம் இருக்கும். கையால் சக்கரத்தைத் தள்ளி வருபவரோ பின்னால் சாய்ந்து விழக்கூடும். ஒப்பந்தப்புள்ளி கோருமுன் வரைபடத்திலேயே இப்பிழையைச் சுட்டிக்காட்டக்கூடிய உறுப்பினரால், முதியோர், கர்ப்பிணிகள், குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுவருவோர் என ஊரே பயன்பெறும்.

நம்பிக்கை: முதலில் பயிற்சியும் தகுதியும் வரட்டும், பிறகு பொறுப்பு தரலாம்.

உண்மை: புதிதாக வெற்றிபெறும் எந்தக் கவுன்சிலரிடமும் கேட்கப்படாத முன்நிபந்தனை இது; எல்லோரும் பதவியில் அமர்ந்த பிறகே தொழில் கற்கிறார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ‘நியாயமான தகவமைப்பு’ என்பதை வலியுறுத்துகிறது: அளவுக்கு மீறிய சுமையின்றிச் செய்துதரக்கூடிய பொருத்தமான மாற்றங்கள் என்பது இதன் பொருள், அதை மறுப்பதும் பாகுபாடே என்கிறது அச்சட்டம். பார்வையற்ற உறுப்பினருக்குத் தீர்மான நகல் திரைவாசிப்பான் படிக்கும் கோப்பாக முன்கூட்டியே வர வேண்டும். செவித்திறன் குறைந்தவருக்குச் சைகைமொழிபெயர்ப்பாளர் வேண்டும். கூட்ட அரங்கம் படிக்கட்டுகளுக்கு மேலே இருக்கலாகாது.

நம்பிக்கை: ஒதுக்குவது மக்கள் மனந்தான், சட்டம் ஒதுக்குவதில்லை.

உண்மை: தொழுநோயைக் காரணங்காட்டி ஒருவரை நகராட்சிப் பதவிக்குத் தகுதியற்றவராக்கிய ஒடிசா சட்டப்பிரிவு செல்லும் என்று 2008இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. தொழுநோயைக் குணமாக்கும் கூட்டுமருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்து அப்போது கால் நூற்றாண்டு கடந்திருந்தது. மருத்துவம் குணமாக்கிய பிறகும் சட்டம் ஒருவரை வாசலிலேயே நிறுத்திவைத்தது என்பது வருந்தத்தக்கது.

தமிழ்நாட்டின் இந்தப் புதிய நியமன நாற்காலியிலும் குறை உண்டு. அரசியலமைப்பின் 243ஆர் பிரிவின்படி நகராட்சி மன்றங்களில் சிறப்பறிவு அடிப்படையில் நியமிக்கப்படும் உறுப்பினர் விவாதிக்கலாம், வாக்களிக்க முடியாது. வாக்குரிமையற்ற இடம் அரைப் பங்குதான். முழுப் பங்கு வார்டில் நின்று வெல்வதில் இருக்கிறது. தாம்பரத்தில் மாமன்றத் தேர்தல் கடைசியாக நடந்தது 2022 பிப்ரவரியில். அடுத்த தேர்தலுக்குக் கட்சிகள் வேட்பாளர் பட்டியல் தயாரிக்கும்போது மாற்றுத்திறனாளிகளையும் அதில் சேர்க்க வேண்டும், வாக்காளர்களும் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.