நாஸ் பெட்டியும் நாலு நம்பிக்கைகளும்

வீட்டு நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமித்துப் பகிரும் புதிய நாஸ் பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்க்குகளைச் செருகி ஆன் செய்தால், கொஞ்ச நேரத்தில் ஒரு கேள்வி வந்து நிற்கும்: டிஸ்க்கில் ஃபைல்களை எழுதிவைக்க எந்த ஃபைல் சிஸ்டம்? அப்போது பலருக்கும் கைகொடுப்பது காதில் விழுந்த சேதிகள்தான்.

"வீட்டில் எல்லாமே விண்டோஸ், அதனால் நாஸிலும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ்தான் வேண்டும்." வேண்டாம். இந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் ஓடுவது லினக்ஸ். கம்ப்யூட்டர் எஸ்எம்பி என்ற நெட்வொர்க் நெறிமுறையில் ஃபைலைக் கேட்கிறது, பெட்டி எடுத்துக் கொடுக்கிறது. உள்ளே டிஸ்க்கில் அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது.

அடுத்தது, "இசட்எஃப்எஸ்ஸுக்கு டெராபைட்டுக்கு ஒரு ஜிபி ரேம் வேண்டும், அதுவும் இசிசி ரேம்." 2001இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தன் சர்வர்களுக்காக உருவாக்கத் தொடங்கிய இசட்எஃப்எஸ், சும்மா கிடக்கும் ரேமையெல்லாம் கேஷாக எடுத்துக்கொள்ளும், வேறு வேலைக்குத் தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கும். ரேம் நிறைந்திருப்பதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் அதிகம். உண்மையில் ரேமை விழுங்குவது, ஒரே தரவு இரண்டு முறை சேராமல் தடுக்கும் டீடூப் வசதி. வீட்டுப் படங்களுக்கும் சினிமாவுக்கும் அது தேவையே இல்லை. தன்னில் நேரும் பிட் பிழைகளைத் திருத்தும் இசிசி ரேம் நல்லதுதான், எந்த ஃபைல் சிஸ்டத்துக்கும். இசட்எஃப்எஸ்ஸுக்கு மட்டும் அது தனிக் கட்டாயமல்ல என்று, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மேத்யூ அரென்ஸே சொல்லியிருக்கிறார்.

"பிடிஆர்எஃப்எஸ்ஸில் ரெய்டு 5 போட்டால் தரவு போச்சு" என்பது பாதி உண்மை. ரெய்டு என்பது பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை. லினக்ஸின் ஃபைல் சிஸ்டங்களில் ஒன்றான பிடிஆர்எஃப்எஸ்ஸின் சொந்த ரெய்டு 5, 6 வேண்டாம் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. ஆனால் சைனாலஜி நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளில் ரெய்டைக் கவனிப்பது லினக்ஸின் பழைய எம்டி ரெய்டு. பிடிஆர்எஃப்எஸ் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

இவற்றைவிட ஆபத்தானது, "இசட்எஃப்எஸ் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும்" என்ற நிம்மதி. டிஸ்க்கில் கிடக்கும் ஒரு கல்யாணப் படத்தில் சத்தமில்லாமல் ஒரு பிட் மாறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம், தரவு மாறிவிட்டதா என்று காட்டும் செக்சத்தைப் படத்தின் தரவுக்கு வைப்பதில்லை. கெட்டதையே நல்லதென்று கொடுத்துவிடும். திறந்தால் பாதிப் படம் சாம்பல் நிறத்தில் நிற்கலாம். இசட்எஃப்எஸ் செக்சத்தை ஒப்பிட்டுத் தப்பைக் கண்டுபிடிக்கும். ஒரே தரவை இரண்டு டிஸ்க்கில் எழுதும் மிரரில் இன்னொரு நகல் இருந்தால் அதிலிருந்து சரிசெய்யும். ஒற்றை டிஸ்க் என்றால்? பிழை என்று சொல்லும், அவ்வளவுதான்.

அந்தச் செக்சத்தையும் ஃபைலைப் படிக்கும்போதுதான் பார்க்கும். யாரும் திறக்காத படங்களையும் சோதிக்க, எல்லாத் தரவையும் படித்துப் பார்க்கும் ஸ்கரப் ஓட வேண்டும். 2022 ஜனவரியில் கனடாவின் லைனஸ் டெக் டிப்ஸ் யூடியூப் சேனல், பழைய வீடியோக்கள் இருந்த தன் சர்வர்களில் ஏராளமான தரவு கெட்டுப்போனதைத் தானே ஒரு வீடியோவில் ஒப்புக்கொண்டது. அங்கே இருந்ததும் இசட்எஃப்எஸ்தான். ஸ்கரப்பைத்தான் யாரும் அமைக்கவில்லை.

சைனாலஜியிலும் ஒரு பொடி விஷயம் உண்டு. பிடிஆர்எஃப்எஸ் தேர்ந்தெடுத்தாலும், பகிர்வு ஃபோல்டரை உருவாக்கும்போதே செக்சம் கட்டத்தில் டிக் போட வேண்டும். விட்டுவிட்டால் புது ஃபோல்டர் உருவாக்கி எல்லாவற்றையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

பெட்டியே திருடுபோனாலோ தீப்பிடித்தாலோ எந்தச் செக்சமும் உதவாது. வேறோர் இடத்தில் ஒரு நகல் இருந்தாக வேண்டும். அதை யுஎஸ்பி டிஸ்க்கில் எடுப்பதென்றால், அங்கே தாராளமாக என்டிஎஃப்எஸ் போடலாம். நாஸ் இல்லாமல் போனாலும் விண்டோஸ் கம்ப்யூட்டரில் நேராகச் செருகிப் படங்களைத் திறந்துவிடலாம்.