விளையாட்டுப் பயிற்சியாளரின் பணியும் பொறுப்பும்

விளையாட்டுப் பயிற்சி என்பது தனிக் கல்வி வேண்டும் ஒரு தொழில் என்னும் கருத்து, 1961-ஆம் ஆண்டு பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டபோது நம் நாட்டில் நிலையான வடிவம் பெற்றது. 1984-இல் இந்திய விளையாட்டு ஆணையம் அமைந்தது. சிறந்த பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியா விருது 1985-இல் ஏற்படுத்தப்பட்டது. எனினும், பயிற்சியாளரின் பணி யாது, அதனை எவ்வாறு மதிப்பிடுவது என்பவற்றில் இன்னும் தெளிவு தேவைப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

அவ்விருதை முதலாண்டிலேயே பெற்றவர்களுள் ஒருவர் ஓ. எம். நம்பியார். விமானப் படையில் பணியாற்றிய இவர், பாட்டியாலாவில் பயின்று, கேரளத்தின் கண்ணூரில் மாணவியர் விளையாட்டுப் பிரிவில் பயிற்சியாளரானார். அங்குச் சிறுமியாக வந்து சேர்ந்த பி. டி. உஷா, 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் 100, 200 மீட்டர் ஓட்டங்களில் வெள்ளிப் பதக்கங்கள் பெற்றார். அவரை 400 மீட்டர் தடை ஓட்டத்திற்குத் திருப்பியவர் நம்பியாரே. மகளிருக்கான அப்போட்டி ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்ற 1984-இல், உஷா 55.42 விநாடிகளில் ஓடி நான்காவதாக வந்தார். நூறில் ஒரு விநாடி வேறுபாட்டில் வெண்கலம் நழுவியது. 1986 சியோல் ஆசிய விளையாட்டில் அவர் 4 தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். கண்ணூரில் தொடங்கிய பயிற்சிக்கும் இவ்வெற்றிக்கும் இடையே ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் உள்ளன.

தொழில் திறன்கள்

பயிற்சியாளருக்கு முதலில் வேண்டுவது குறையின் காரணத்தைக் கண்டறியும் திறன். 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பத்துத் தடைகள் உள்ளன. முதல் தடை 45 மீட்டரில். பின்னர் 35 மீட்டருக்கு ஒன்று. கடைசித் தடைக்குப் பின் 40 மீட்டர். எட்டாவது தடையில் ஒரு வீராங்கனை தடுமாறினால், காரணம் அந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. தொடக்கத்தில் அளவுக்கு மீறி விரைந்திருக்கலாம். களைப்பினால் காலடியின் நீளம் குறைந்திருக்கலாம். மாற்றுக் காலால் தாண்டும் பழக்கம் இல்லாதிருக்கலாம். மூன்றுக்கும் பயிற்சி வேறு வேறு. கடிகாரம் காலத்தை மட்டுமே காட்டும். காரணத்தைப் பயிற்சியாளரே அறிய வேண்டும்.

அடுத்தது திட்டமிடும் திறன். ஆண்டினை ஆயத்தக் காலம், போட்டிக் காலம், இளைப்பாறும் காலம் எனப் பகுத்து, பயிற்சியின் அளவைப் படிப்படியாக உயர்த்த வேண்டும். உடல் வலுப்பெறுவது உழைப்பினால் மட்டுமன்று. உழைப்பினைத் தொடரும் ஓய்வினாலும் ஆகும். ஓய்வு மறுக்கப்பட்டால் திறன் குன்றும்; காயங்கள் பெருகும். மூன்றாவது, எடுத்துரைக்கும் திறன். ஒரே நேரத்தில் பத்துக் குறைகளைச் சுட்டினால் மாணவர் குழம்புவர். ஒன்றைச் சொல்லி, செய்து காட்டி, திருந்திய பின் மற்றொன்றுக்குச் செல்வதே பயன் தரும்.

பொறுப்புகள்

பயிற்சி பெறுவோரில் பலர் சிறுவர், சிறுமியர். அவர்களுள் மிகச் சிலரே பதக்கம் பெறுவர்; எல்லோரும் வளர்ந்து வாழ வேண்டியவர்கள். ஆகவே அவர்களது கல்வி, உணவு, உடல்நலம் ஆகியவையும் பயிற்சியாளரின் கவனத்திற்குரியவை. காயமுற்றவரை மருத்துவர் இசைவின்றிக் களமிறக்குதல் தவறு. வயதைக் குறைத்துக் காட்டி இளையோர் போட்டிகளில் சேர்ப்பதும் தவறு. அது உரிய வயதினர் ஒருவரின் வாய்ப்பைப் பறிப்பதாகும்.

சட்டமும் சில கடமைகளை விதிக்கிறது. 2022-ஆம் ஆண்டின் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் வீரர்களை மட்டுமன்றி, அவர்களுக்குத் துணைநிற்கும் பயிற்சியாளர்களையும் கட்டுப்படுத்துகிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அத்தகைய குற்றத்தை அறிந்த எவரும் அதனைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். பயிற்சியாளரின் சொல்லுக்கு மாணவர் எளிதில் மறுப்புக் கூறுவதில்லை. அந்த அதிகாரத்திற்கு வரம்பு உண்டு என்பதை அவர் ஒருபோதும் மறத்தலாகாது.

மதிப்பீடு

பயிற்சியாளரின் பணியை அவ்வாண்டுப் பதக்கங்களைக் கொண்டு மட்டும் அளக்கும் வழக்கம் கேடு விளைவிக்கக்கூடியது. பதவி நீட்டிப்பு பதக்க எண்ணிக்கையைச் சார்ந்திருக்குமாயின், வளரும் உடலை விரைவில் பிழிந்தெடுக்கும் பயிற்சிக்கும், வயது மோசடிக்கும், ஊக்கமருந்துக்கும் தூண்டுதல் ஏற்படுகிறது. பயிற்சி பெறுவோரின் ஆண்டுதோறுமான முன்னேற்றம், காயங்களின் எண்ணிக்கை, இடையில் விலகியோர், கல்வியைத் தொடர்ந்தோர் ஆகிய விவரங்களும் மாவட்ட அலுவலர்களின் ஆய்வில் இடம்பெற வேண்டும். பயிற்சிக் குறிப்பேட்டை ஒழுங்காகப் பேணும் பயிற்சியாளரிடம் இவ்விவரங்கள் எளிதில் கிடைக்கும்.

1984-இல் பதக்கம் கிட்டவில்லை என்பதற்காகக் கண்ணூரில் தொடங்கிய உழைப்பு வீணென்று எவரும் கூறார். அத்தகைய உழைப்பு பதக்கமாக மாறுவதற்கு முன்னரே அதனை அடையாளம் கண்டு, அதற்குரிய காலத்தை அளிப்பது நிர்வாகத்தின் கடமையாகும்.